பென்சில் கரியும் கே. எஸ். கிருஷ்ணனும்: ஒரு திருத்தம்

போன பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். எங்கள் பகுதிக்காரர்கள் கூடும் ஒரு சிறு கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தியவன் என்பதால் இந்த மரியாதை. நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் என்னைப் போல ஓய்வூதியக்காரர்கள்.

ராமன் விளைவைப் பற்றிச் சொல்லி முடித்தேன். கைதட்டல் போதவில்லை என்று மனசுக்குள் பட்டதோ என்னவோ, கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். "இன்றைக்கு உலகமே பேசுகிற கிராஃபீனை 1930-களிலேயே கண்டுபிடித்தவர் நம் வத்திராயிருப்புக்காரர் கே. எஸ். கிருஷ்ணன்!" நல்ல கைதட்டல் கிடைத்தது. மாலை போட்டார்கள். பூரிப்போடு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. என் பழைய மாணவி; இப்போது வெளிநாட்டில் இதே துறையில் ஆய்வு செய்கிறார். யாரோ என் பேச்சைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொன்னது சரியில்லை. கிருஷ்ணன் கிராஃபீனைக் கண்டுபிடிக்கலை."

நான் ஏதோ சமாளித்தேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இன்னும் காதில் இருக்கிறது. "அவர் செஞ்சதை அப்படியே சொன்னாலே பெருமைதானே சார்? இல்லாததை ஏன் சேர்க்கணும்?"

அன்று இரவு தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் கிருஷ்ணனுக்கு நான் செய்தது இரட்டைத் தவறு. முப்பத்தொரு வருடம் வகுப்பில் அவருக்கு அரை வரிதான் கொடுத்தேன்: "ராமனும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணனும்." அவ்வளவுதான், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். பிறகு ஒரே நாளில் அவருக்குச் சேராததை அள்ளிக் கொடுத்தேன். குறைத்ததும் தவறு, கூட்டியதும் தவறு. அதனால் மாணவி அனுப்பிய கட்டுரைகளையும் என்னிடமிருந்த பழைய புத்தகங்களையும் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தேன். புரிந்ததை இங்கே எழுதுகிறேன். இதைத் திருத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பென்சில். அதன் நடுவில் இருக்கும் கறுப்புப் பொருள் கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. கிராஃபைட் நமக்குத் தூரத்துப் பொருள் அல்ல. சிவகங்கையில் வெட்டி எடுக்கிறார்கள். இலங்கையின் போகல, கஹடகஹ சுரங்கங்களின் கிராஃபைட் உலகப் புகழ் பெற்றது. அது முழுக்கக் கார்பன். வைரமும் கார்பன்தான். அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தில்தான் வித்தியாசம்.

கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பன் அணுவும் பக்கத்திலுள்ள மூன்று அணுக்களோடு கைகோத்து நிற்கிறது. அப்படிக் கோத்தால் அறுகோணம் அறுகோணமாக ஒரு தளம் கிடைக்கும். தேனடையை மேலிருந்து பார்த்தால் எப்படியோ அப்படி. இந்தத் தளங்கள் அப்பளக் கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 30 லட்சம் தளங்கள் அடங்கும். தளத்துக்குள் பிடிப்பு மிக வலுவானது. தளத்துக்கும் தளத்துக்கும் இடையே பிடிப்பு லேசு. அதனால்தான் பென்சிலைத் தாளில் இழுத்தால் தளங்கள் உரிந்து ஒட்டிக்கொள்கின்றன. நாம் 'அ' எழுதப் பழகியது அப்படித்தான். ஒரே ஒரு தளத்தை மட்டும் தனியே உரித்தெடுத்தால் அதற்குப் பெயர் கிராஃபீன்.

கார்பனுக்குப் பிணைப்புக்கென்று நான்கு எலக்ட்ரான்கள். மூன்று கைகோக்கச் செலவாகிவிட்டன. மிஞ்சிய நான்காவது எலக்ட்ரான் அந்தத் தேனடைத் தளம் முழுவதும் திரிகிறது. நம் கதையே அந்த நான்காவது எலக்ட்ரானைப் பற்றியதுதான்.

இனி கிருஷ்ணன். கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன், 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1920-களில் கல்கத்தா போய் ராமனோடு சேர்ந்தார். 1928-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அந்தப் புகழ்பெற்ற குறிப்பில் ராமன் பெயருக்குப் பக்கத்தில் கிருஷ்ணன் பெயரும் உண்டு. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. நான் வகுப்பில் இங்கேதான் கிருஷ்ணனை விட்டுவிட்டுப் போவேன்.

அவர் ஆராய்ச்சி அங்கே நிற்கவில்லை. 1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகம் போனார். படிகங்களின் காந்தத் தன்மையை அளக்கும் வேலையைத் தொடங்கினார். 1933-இல் கல்கத்தா திரும்பி அதையே தொடர்ந்தார்.

டயா காந்தம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டாமல் லேசாக விலகும் பொருள்கள். இதற்குக் காரணம் அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான்களின் இயக்கம் என்று 1905-இல் விளக்கியவர் பாரீசின் பால் லாஞ்ஜவென். நம்மூரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியவர்கள் சிலருக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கலாம். இந்த விலக்கம் மிகச் சன்னமானது. சின்னப் படிகத்தில் அதை அளப்பது சுலபமல்ல.

கிருஷ்ணனும் அவருடன் இருந்தவர்களும் ஒரு எளிய வழி கண்டார்கள். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார்கள். இழையின் மேல் நுனியை மெதுவாக முறுக்கிக்கொண்டே போவார்கள். ஒரு கட்டம் வரை காந்தம் படிகத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்தக் கட்டம் தாண்டியதும் படிகம் சட்டென்று சுழன்றுவிடும். எத்தனை கோணம் முறுக்கிய பிறகு சுழன்றது என்று பார்த்தால், படிகத்தின் காந்தத் தன்மை ஒரு திசைக்கும் இன்னொரு திசைக்கும் எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நிதானமும் பொறுமையும் வேண்டும்.

இப்படி அளந்த படிகங்களில் ஒன்று கிராஃபைட். 1934-இல் அதன் காந்தத் தன்மையைப் பற்றி 'நேச்சரில்' எழுதினார். தளத்துக்குச் செங்குத்தாகக் காந்தப் புலம் இருந்தால் கிராஃபைட் பலமாக விலகுகிறது. தளத்தோடு ஒட்டிய திசையில் புலம் இருந்தால் அந்த விலக்கம் மிகக் குறைவு. இரண்டுக்கும் பல பத்து மடங்கு வித்தியாசம். 1939-இல் என். கங்குலியுடன் சேர்ந்து மின்கடத்தலை அளந்தார். தளத்தின் வழியே மின்சாரம் ஓடுவது, தளம் விட்டுத் தளம் தாவி ஓடுவதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு சுலபம் என்று தெரிந்தது. 1941-இல் இருவரும் கிராஃபைட்டில் சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரான்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டி இதழில் விரிவாக எழுதினார்கள்.

இதற்கு என்ன பொருள்? அந்த நான்காவது எலக்ட்ரான் தன் தளத்துக்குள்தான் வாழ்கிறது. மேலே கீழே அதிகம் போவதில்லை. கனமான கிராஃபைட் கட்டிக்குள்ளேயே கனமில்லாத, நீளமும் அகலமும் மட்டுமே உள்ள ஒரு உலகம் இருக்கிறது. அதை இழையும் காந்தமும் வைத்து அளந்து காட்டியவர்களில் முன்னவர் கிருஷ்ணன். கிராஃபீனை அவர் பார்க்கவில்லை, உரிக்கவில்லை. அதன் எலக்ட்ரான் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு எண் கொடுத்தார். மேடையில் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்த அடி 1947-இல். அணு உலைகளில் கிராஃபைட் தேவைப்பட்டதால் அதன் குணங்களைக் கணக்கிடும் வேலை கனடாவில் இருந்த பிலிப் வாலஸுக்கு வந்தது. கணக்கைச் சுலபமாக்க அவர் ஒற்றைத் தளத்திலிருந்து தொடங்கினார். தேனடை வலையில் எலக்ட்ரான் விசித்திரமாக நடந்துகொள்வது அதில் தெரிந்தது: உலோகமும் அல்ல, மின்காப்பானும் அல்ல, சரியாக நடுவில். கிருஷ்ணன் அளந்த அந்தப் பெரிய டயா காந்தத் தன்மை எங்கிருந்து வருகிறது என்பதை, இந்தத் தேனடை அமைப்பைக் கொண்டே 1956-இல் ஜே. டபிள்யூ. மெக்ளூர் விளக்கினார்.

இனி விளிம்புக்கு வருவோம். என் மாணவியின் ஆராய்ச்சி அதில்தான்.

1980-இல் ஜெர்மானியர் கிளாவுஸ் ஃபான் கிளிட்சிங், மெல்லிய எலக்ட்ரான் தளம் ஒன்றைக் கடுங்குளிரில் பலத்த காந்தப் புலத்துக்குள் வைத்து மின்தடையை அளந்தார். அது படிப்படியாக, முழு எண் கணக்கில் மாறியது. ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான், ஒன்றரை கிடையாது. பொருளில் அழுக்கு இருந்தாலும் அந்த எண் அசையவில்லை. 1985-இல் அவருக்கு நோபல் பரிசு. உள்ளே எலக்ட்ரான்கள் காந்தப் புலத்தால் இருந்த இடத்திலேயே வட்டமடிக்கின்றன, நகர்வதில்லை. விளிம்பில் இருப்பவற்றுக்கு வட்டத்தை முடிக்க இடமில்லை. சுவரில் மோதி மோதி ஒரே திசையில் விளிம்போடு போய்க்கொண்டிருக்கும். திரும்பி வர வழியே இல்லை. இதுதான் விளிம்பு நிலை.

1988-இல் டங்கன் ஹால்டேன் ஒரு கேள்வி கேட்டார். வெளியே பெரிய காந்தம் இல்லாமலேயே இது நடக்குமா? தேனடை வலையை எடுத்துக்கொண்டார். அதற்குள் நுண்ணிய காந்தப் புலங்கள் ஓரிடத்தில் மேல்நோக்கியும் ஓரிடத்தில் கீழ்நோக்கியும் இருந்து, கூட்டினால் சுழியம் வரும்படி கணக்குப் போட்டார். நடக்கும் என்று விடை வந்தது. உட்பகுதி மின்காப்பான், விளிம்பில் ஒருவழி ஓட்டம். இப்படி ஒரு பொருள் நிஜத்தில் அமைவது சந்தேகம்தான் என்றும் அந்தக் கட்டுரையிலேயே எழுதிவைத்தார். அந்த நேர்மையைப் படித்தபோது எனக்கு என் மேடைப் பேச்சு நினைவுக்கு வந்தது.

விளிம்பில் ஏன் ஓட்டம் இருந்தே ஆக வேண்டும்? மாணவி இதைத் தொலைபேசியிலேயே விளக்கினார். "சார், இட்லியும் உளுந்து வடையும் நினைச்சுக்கோங்க." இட்லியில் ஓட்டை இல்லை, வடையில் ஒன்று. அழுத்தலாம், நசுக்கலாம், ஓட்டையின் எண்ணிக்கை மாறாது. அரை ஓட்டை என்று ஒன்று கிடையாது. இப்படி வடிவம் மாறினாலும் மாறாத எண்ணைப் பற்றிய கணிதம்தான் இடவியல் என்கிற டோபாலஜி. சில பொருள்களில் எலக்ட்ரான்களின் அமைப்புக்கே அப்படி ஒரு எண் உண்டு. அந்தப் பொருளின் உள்ளே எண் ஒன்று, வெளியே காற்றில் சுழியம். இட்லி வடையாக வேண்டுமென்றால் எங்காவது துளைத்தே ஆக வேண்டும். அதுபோல ஒன்று சுழியமாக வேண்டுமென்றால், இடையில் எங்காவது மின்காப்புத் தன்மை உடைந்தே ஆக வேண்டும். உடையும் இடம் விளிம்பு. அங்கே மின்சாரம் ஓடும். ஹால்டேன், தௌலெஸ், காஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் 2016-இல் நோபல் பரிசு அறிவித்தபோது, மேடையில் ஓட்டையுள்ள ரொட்டியும் ஓட்டையில்லாத ரொட்டியும் காட்டித்தான் விளக்கினார்கள்.

எனக்கு இன்னொரு உதாரணம் தோன்றியது. நம்மூர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். புதுச்சேரிக்கு ஒரு சட்டம், வரி, விலை. தமிழ்நாட்டுக்கு வேறு. ஊருக்கு உள்ளே பார்த்தால் எதுவும் விசேஷமாகத் தெரியாது. ஆனால் கோரிமேட்டுக்கும் முள்ளோடைக்கும் போய்ப் பாருங்கள், எல்லையில் வரிசையாக மதுக்கடைகள்! 1954-க்கு முன்னால் பிரெஞ்சுக்காரன் காலத்தில் எல்லைச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியிருந்ததையும், சேலை மடிப்புக்குள் சாமான் போய் வந்ததையும் என் அம்மா சொல்லிச் சிரிப்பார். இரண்டு பக்கமும் விதி வேறு என்றால், சந்திக்கும் கோட்டில் ஓட்டம் இருக்கும். நம் எல்லை நேர்கோடாகவா இருக்கிறது? ஒரே சாலையில் போகும்போதே தமிழ்நாடு வரும், மறுபடியும் புதுச்சேரி வரும். எல்லை எப்படி வளைந்தாலும் கடை இருக்கிறது. அதுபோலத்தான், விளிம்பு கரடுமுரடாக இருந்தாலும் அந்த ஓட்டம் நிற்பதில்லை. மதுக்கடையைச் சட்டம் போட்டு மூடிவிடலாம். இடவியல் எண் மாறாத வரை அந்த விளிம்பை மூட முடியாது. உதாரணம் அதோடு முடிகிறது.

2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் ஒட்டு நாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்து ஒற்றைத் தளத்தைத் தனியே எடுத்துக் காட்டினார்கள். 2010-இல் நோபல். அப்படி உரித்தது ஒற்றைத் தளம்தானா, இரண்டு மூன்று சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? 2006-இல் அதற்கு ஒரு கைகண்ட வழி கிடைத்தது: ராமன் நிறமாலை. 1928-இல் ராமனும் கிருஷ்ணனும் கல்கத்தாவில் கண்ட அதே ஒளிச்சிதறல்தான். கிருஷ்ணனின் இரண்டு வேலைகளும் இங்கே வந்து சந்திக்கின்றன. இதையும் நான் வகுப்பில் சொன்னதில்லை.

2005-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ் கேனும் யூஜீன் மெலேயும், கிராஃபீனில் காந்தமே இல்லாமல் விளிம்பில் இரண்டு ஓட்டங்கள் வரும் என்றார்கள். எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு. ஒரு சுழற்சியுள்ளவை ஒரு திசையிலும், எதிர்ச் சுழற்சியுள்ளவை எதிர்த் திசையிலும் போகும். ஆனால் கார்பன் லேசான அணு. அதில் இந்த விளைவு அளக்க முடியாத அளவுக்குச் சின்னது. அதனால் கனமான அணுக்களைத் தேனடையாக அடுக்கத் தொடங்கினார்கள். 2017-இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் சிலிக்கான் கார்பைடின் மேல் பிஸ்மத் அணுக்களைத் தேனடையாக வளர்த்து, விளிம்பில் அந்த நிலையைக் கண்டார்கள். 2023-இல் நெதர்லாந்தில் ஜெர்மானியம் அணுக்களால் ஆன தேனடையில், மின்புலத்தால் அந்த விளிம்பு நிலையை மறையச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். சுவிட்ச் போல. மோதித் திரும்பாமல் ஓடும் மின்சாரம் என்றால் சூடும் குறைவு. கைபேசி சுடுவதற்கு மருந்து இதில் கிடைக்கலாம். இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை.

நம் பக்கத்திலும் இந்தத் தேனடை வேலை நடந்திருக்கிறது. காந்தச் சுழல்களைத் தேனடை வலையில் வைத்து அலெக்செய் கிட்டேவ் 2006-இல் ஒரு மாதிரி தந்தார். அதிலும் ஒருவழி விளிம்பு ஓட்டம் வரும் நிலை உண்டு. அந்தச் சுழல்கள் காலப்போக்கில் எப்படி அசையும் என்று மறுவருடமே துல்லியமாகக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர். இங்கிருந்து மூன்று மணி நேர பஸ் பயணம்.

ஆக, கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். கிராஃபீனைக் கண்டுபிடித்தவர் கிருஷ்ணன் அல்ல. விளிம்பு நிலை பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. 1961 ஜூன் 14 அன்று அவர் காலமானார். அவர் செய்தது, தேனடைத் தளத்துக்குள் எலக்ட்ரான் எப்படி வாழ்கிறது என்பதை, மற்றவர்கள் கட்டடம் எழுப்பக்கூடிய அளவுக்கு உறுதியாக அளந்து வைத்தது. 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1958-இல் முதல் பட்நாகர் விருது. இவ்வளவு செய்தவருக்கு என் மாலையும் பொய்யும் எதற்கு?

போன வாரம் பேத்தி வந்திருந்தாள். நாலு சின்னக் காந்தத்தைச் சதுரமாக வைத்து, கிராஃபைட் தகடு ஒன்றை அதன்மேல் விட்டேன். கடையில் வாங்கியதுதான், சில நூறு ரூபாய். தகடு காந்தத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. "தாத்தா, கீழே தாளை விட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுக் காகிதத்தை நுழைத்து இழுத்தாள். தடையில்லாமல் வந்தது. தகடு மிதக்கக் காரணம் 1934-இல் கிருஷ்ணன் அளந்த அதே விலக்கம். அவளுக்குக் கிருஷ்ணன் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், அவர் செய்ததை மட்டும் சொன்னேன். அவள் வாய் பிளந்து பார்த்தாள். கைதட்டலுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

அன்றைய கூட்டத்தில் இருந்த நாற்பது பேரில் யாராவது இதைப் படித்தால், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். வரும் பிப்ரவரி 28-க்கு மறுபடி கூப்பிட்டால், காந்தமும் தகடும் எடுத்துக்கொண்டு வருகிறேன். மாலை வேண்டாம்.